உஷார்! பன்னீர்ப் பந்தலைப் பிரிக்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

நில்லுங்கள். கொடியில் வைக்கப்போன அந்தக் கோடாரியை முதலில் கீழே வையுங்கள்.

தொண்டாமுத்தூர், நரசீபுரம், மாதம்பட்டி, தீத்திபாளையம், குப்பனூர் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்கிறேன். புதிதாகத் திராட்சை போடலாம் என்று நினைப்பவர்களுக்கும்தான். உங்கள் தோட்டத்து வாசலுக்கு ஒருவர் வருவார். கையில் போன் இருக்கும். போனில் படம் இருக்கும். பச்சைப் பசேலென்று, நீளநீளமாய், விதையே இல்லாத பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கும். "ஏனுங்க, இன்னுமும் கொட்டைத் திராட்சையவே கட்டீட்டு அழுவறீங்க? இதப் போட்டுப் பாருங்க, வெலையே வேறங்க" என்பார்.

படம் பொய் இல்லை. அந்தப் பழம் நிஜம். அந்த விளைச்சலும் நிஜம். ஆனால் அது விளைந்த மண் வேறு, மழை வேறு, ராத்திரிக் குளிர் வேறு. அதை மட்டும் அவர் சொல்ல மாட்டார். நீங்களும் கேட்க மாட்டீர்கள். கேட்காமல் விட்ட ஒரு குடும்பத்துக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் ஒரு தோட்டம். ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். அப்பா காலத்துப் பன்னீர்ப் பந்தல். கல் தூண், கம்பி, எல்லாம் கெட்டியாக நின்றது. பெரிய பணக்காரர் இல்லை, ஆனால் வருஷத்துக்கு இரண்டு வெட்டு தவறாமல் வரும். விலை இறங்கினால் முணுமுணுப்பார், ஏறினால் பெண்ணுக்கு ஒரு பவுன் எடுத்து வைப்பார். அப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பம்.

ஒருமுறை நாசிக் பக்கம் தோட்டம் பார்க்க ஒரு கூட்டத்தோடு போய்வந்தார். அங்கே கண்ட விதையில்லாத் திராட்சை அவர் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. திரும்பிவந்த சூட்டிலேயே கன்றுக்கு முன்பணம் கட்டினார். காய்த்துக்கொண்டிருந்த பன்னீர்க் கொடியை வேரோடு வெட்டினார். ஒரு வரிசைகூட மிச்சம் வைக்கவில்லை.

புதுக்கன்று வந்தது. மளமளவென்று ஏறியது. பந்தல் நிறைந்தது. பார்த்தவர்கள் எல்லாம் மூக்கில் விரல் வைத்தார்கள். மார்கழியில் பன்னீருக்கு வெட்டுகிற மாதிரியே நாலு கண் விட்டுக் கவாத்து செய்தார். துளிர் வந்தது. இலை வந்தது. கொத்து மட்டும் வரவில்லை. "மொத வருசம் அப்படித்தானுங்க இருக்கும்" என்றார் கன்று விற்றவர். ஆனியில் மறுபடி வெட்டினார். மறுபடியும் இலை. கொத்து நிற்கவேண்டிய கணுவில் சுருள் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி என்னிடம் சொன்னது இது: "அக்கா, கொடியப் பாத்தா கண்ணு பட்டுரும்ங்க, அத்தனை செழிப்பு. உள்ள போயி அண்ணாந்து பாத்தா ஒரு கொத்து இல்லீங்க. மருந்துக்குக் குடுத்த பணம், ஆளுக்குக் குடுத்த பணம், எல்லாம் எலையாப் போச்சுங்க."

அடுத்த வருஷம் யாரோ சொன்னதைக் கேட்டு, நாசிக்காரர்கள் மாதிரியே புரட்டாசி முடியும்போது நீளக் குச்சி விட்டு வெட்டினார். இந்த முறை கொத்து வந்தது! பூவெடுக்கும் நேரம் ஐப்பசி அடைமழை. அடிச்சாம்பல் நோய் இறங்கியது. பூக்கொத்து மேலே வெள்ளையாய்ப் பூத்து, பழுப்பாகி, கையால் தொட்டால் உதிர்ந்தது. மூன்று வருஷ வருமானம் போனது. எடுத்து வைத்திருந்த பவுன் அடமானத்துக்குப் போனது. இப்போது அங்கே பாக்குக் கன்று நிற்கிறது. அது காய்ப்புக்கு வர இன்னும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சோம்பேறி என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அவருக்கு ஒரே ஒரு விஷயம் தெரியாது. அது உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் இத்தனை பதறுகிறேன்.

உங்கள் பந்தலில் அடுத்த வெட்டுக்குக் கொத்து வருமா வராதா என்பது கவாத்து நாளில் முடிவாவதில்லை. அதற்குப் பல மாதம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது!

திராட்சைக் குச்சியின் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் அடுத்த வெட்டின் கொத்து, கண்ணுக்குத் தெரியாத அளவில், முன்கூட்டியே உருவாகிறது. முந்தின கவாத்துக்குப் பிறகு ஒன்றரை, இரண்டு மாதம் போல ஆகும்போது அது நடக்கிறது. அந்த நாட்களில் வெயில் நன்றாக விழ வேண்டும். கொடி அளவோடு வளர வேண்டும். வானம் மூடிக்கிடந்தாலோ, கொடி தழைச்சத்தைத் தின்றுவிட்டு மதமதவென்று ஓடினாலோ, கண்ணுக்குள் கொத்தாக வேண்டிய அதே திசு சுருள் கம்பியாக மாறிவிடும். ஆமாம், கொத்தும் சுருள் கம்பியும் ஒரே இடத்தில் பிறப்பவை. எது ஆவது என்பதைக் கொடியின் சத்தும், வெயிலும், ரகத்தின் குணமும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

ரகத்தின் குணம். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள்.

நம் பன்னீர், உலகத்துக்கு மஸ்கட் ஹாம்பர்க். இதற்கு அடிக்கண்களிலேயே கொத்துப் பிடிக்கும் குணம் உண்டு. அதனால்தான் மூணு நாலு கண் விட்டுக் குட்டையாக வெட்டினாலும் காய்க்கிறது. நம் ஊர் மேகமூட்டத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. மார்கழி, தை மாதத்தில் கவாத்து செய்து சித்திரையில் ஒரு வெட்டு, வைகாசி, ஆனியில் கவாத்து செய்து ஆவணி, புரட்டாசியில் இன்னொரு வெட்டு என்று வருஷத்துக்கு இரண்டு எடுக்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கில் இதே பன்னீரில் இரண்டு வருஷத்துக்கு ஐந்து வெட்டுகூட எடுக்கிறார்கள். குளிர் நாட்டில் இலை உதிர்த்துத் தூங்கி, வருஷத்துக்கு ஒருமுறை காய்க்கிற கொடி இது! இங்கே தூக்கமே கிடையாது. கத்தரிதான் எழுப்புகிறது. இதை எல்லா ரகமும் தாங்காது.

தாம்சன் சீட்லஸ் தாங்குவதில்லை. அதன் வழியில் வந்த சொனாக்கா, மாணிக் சமன், தாஸ்-ஏ-கணேஷ் எல்லாம் குணத்தில் அதன் பிள்ளைகளே. இந்த ரகங்களில் அடியில் இருக்கும் முதல் சில கண்கள் பெரும்பாலும் மலடு. நடுக்குச்சிக்குப் போனால்தான் கொத்துள்ள கண் இருக்கும். பன்னீர் பழக்கத்தில் நாலு கண்ணில் வெட்டினால், காய்க்கிற பாகத்தை வெட்டி வெளியே எறிந்துவிட்டு மலட்டுப் பாகத்தைப் பந்தலில் வைத்துக்கொள்கிறீர்கள்!

"அப்போ நீளமா வெட்டிக்கிறேனுங்க" என்பீர்கள். போதாது, சாமி. நாசிக்கிலும் சாங்கிலியிலும் ஏப்ரலில் ஒரு கவாத்து செய்வார்கள். அது காய்க்க அல்ல, கண் உருவாக. ஏப்ரல், மே வெயில் முழுசும் அந்தக் கண்களுக்குள் கொத்து கட்டவே போகும். பிறகு அக்டோபரில் காய்ப்புக்கவாத்து. அதற்குள் அங்கே மழை பெரும்பாலும் விலகிவிடும். பூவும் பிஞ்சும் வறண்ட, குளிர்ந்த மாதங்களில் பிழைத்துக்கொள்ளும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அறுவடை. வருஷத்துக்கு ஒரே ஒரு வெட்டு.

இப்போது அந்தக் காலண்டரை எடுத்து நொய்யல் கரையில் மாட்டுங்கள். அக்டோபரில் காய்ப்புக்கவாத்து செய்தால் பூவெடுப்பது நவம்பரில். கோவைக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு தருவதே அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைதான். சரி, அது வேண்டாம், பன்னீர் கணக்கில் ஜூனில் வெட்டினால்? ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் தூறலும் அடிவாரத்தில் வந்து உட்கார்ந்துவிடும். கண்ணுக்குள் கொத்து உருவாக வேண்டிய ஆடி, ஆவணியில் வெயில் முகம் காட்டாது. முன்னால் போனால் மழை, பின்னால் போனால் மேகம். அந்த மலையடிவாரத்துக்காரர் இரண்டிலும் மாட்டினார்.

இதைக் கன்று விற்கிறவர் சொல்வாரா? யோசித்துப் பாருங்கள்.

இனி விளைச்சல் கணக்கு. பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் கையேட்டில் இருக்கும் எண்களைத்தான் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு எக்டேருக்குப் பன்னீர் 30 டன். விதையில்லா ரகங்கள் 15 டன். அனாப்-இ-ஷாஹி 20 டன். அர்க்கா ரகங்கள் 20 டன். பச்சை திராட்சை எனும் பச்சத்ராட்சை 40 டன். ஏக்கருக்கு மாற்றினால் பன்னீர் ஏறக்குறைய 12 டன், விதையில்லாதது 6 டன்.

பாதி! பழக்கம் உள்ளவர் முறைப்படி செய்தாலே பாதி!

அப்படியானால் விலை இரண்டு மடங்கு கிடைத்தால்தான் இன்று நிற்கிற இடத்திலேயே நிற்பீர்கள். செலவாவது அதே அளவில் நிற்குமா? நிற்காது. விதையில்லாத் திராட்சை தானாக அந்த அளவு பருக்காது. விதைதான் பழத்தைப் பருக்க வைக்கும் ஊக்கியைத் தரும். விதை இல்லாததால் ஜிபரெலிக் அமிலத்தை நாம் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். பூவுக்கு முன்னால் ஒருமுறை, பிஞ்சில் மறுமுறை என்று கொத்துக் கொத்தாக முக்கி எடுக்க வேண்டும். பிஞ்சு கலைக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆட்கள் நாசிக்கில் கூட்டமாகக் கிடைப்பார்கள். இங்கே வெங்காயம் பிடுங்கவே ஆள் கிடைக்காமல் நாம் படுகிற பாடு உங்களுக்கே தெரியும். பூப்பருவத்தில் இரண்டு நாள் தள்ளிப்போனாலும் கொத்து சீரழிந்துவிடும்.

இன்னொன்று. நமது சித்திரை வெட்டும் மகாராஷ்டிரத்து, விஜயபுரத்து விதையில்லாப் பழமும் சந்தையில் ஒரே நேரத்தில் மோதும். அவர்கள் லாரி லாரியாக இறக்குவார்கள். அவர்களுடைய பழத்தையே அவர்களுடைய சீசனில் நீங்கள் விற்கப் போனால் மண்டியில் யார் விலை வைப்பது? பன்னீருக்காவது தனி வாசம் இருக்கிறது. ஜூஸ் கடைக்கு அது வேண்டும். கம்பம் பன்னீருக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

அதற்காகப் பன்னீரைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. அதன் குறைகளையும் மறைக்க மாட்டேன். தோல் மெல்லிசு. அறுவடை நேரத்தில் ஒரு மழை பெய்தால் பழம் வெடிக்கும், ஈ மொய்க்கும், கொத்தே அழுகும். ஒரே கொத்தில் நாலு பழம் கறுத்திருக்க, நாலு பழம் பச்சையாகவே நிற்கும். பறித்தபிறகு வெகுநாள் தாங்காது. கம்பத்திலும் நம்மிடமும் ஒரே வாரத்தில் வெட்டு விழுந்தால் வியாபாரி சொல்வதே விலை. இந்தக் கோபத்தில்தான் பந்தலைப் பிரிக்கத் துணிகிறீர்கள். கோபம் நியாயம். ஆனால் அந்தக் கோபத்தோடு போய் ரகம் தேர்ந்தெடுக்காதீர்கள்!

டன் மட்டும் பார்த்துப் பன்னீரை விட்டவர்களும் மாட்டியிருக்கிறார்கள். 40 டன் தரும் பச்சத்ராட்சை ஏன் இன்று சந்தையில் கண்ணில் படுவதே இல்லை? விளைச்சலில் ராஜா அது. வடக்கே அதையே போக்ரி என்பார்கள். விளைந்ததைத் தின்னத்தான் ஆள் இல்லாமல் போனார்கள். இனிப்பும் போதாது, தூரம் அனுப்பினால் தாங்கவும் தாங்காது. ஹைதராபாத்தைத் திராட்சை ஊராக்கிய அனாப்-இ-ஷாஹி? பெரிய கொத்து, தேன் நிறப் பழம், ஒரு காலத்தில் அதற்கு ஈடே இல்லை. அடிச்சாம்பல் நோய்க்கு அது சுலபமாக இரையானது. சந்தையும் விதையில்லாததின் பக்கம் சாய்ந்தது. அந்தத் தோட்டங்களும் குறைந்துபோயின. பெங்களூர் ப்ளூ நேர் எதிர். நோயைத் தாங்கும், மழையைத் தாங்கும், ஆனால் தோல் தடிப்பு, புளிப்பு, ஒருவித வாடை. ஜூஸுக்குப் போகுமே தவிரத் தட்டில் வைத்தால் குழந்தைகள் தொடாது. விளைச்சல், பழத்தின் தரம், நோய் தாங்கும் சக்தி, இந்த மூன்றும் ஒரே கொடியில் முழுசாகக் கிடைப்பதில்லை. மூன்றும் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அங்கேயே உஷாராகுங்கள்.

பெங்களூர் ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் நம்மைப் போன்ற தென்னாட்டுத் தட்பவெப்பத்தை மனதில் வைத்துப் பல கலப்பினங்களைத் தந்திருக்கிறது. அர்க்காவதி, அர்க்கா நீலமணி, அர்க்கா ஸ்வேதா, அர்க்கா கிருஷ்ணா ஆகியவற்றில் விதை கிடையாது, தாம்சன் ரத்தம் உண்டு. அர்க்கா ஷ்யாம், அர்க்கா ஹான்ஸ் இரண்டும் பெங்களூர் ப்ளூவின் வழி. நாசிக் ரகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவருவதைவிட இவற்றைப் பரிசோதிப்பது எத்தனையோ மேல் என்பது என் கருத்து. அதிலும் ஒரு எச்சரிக்கை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவை 400 மீட்டர் சுமார். அங்கத்து ராத்திரி வேறு, நம் ராத்திரி வேறு.

ராத்திரிக்கும் பழத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? உயிர்ச் சம்பந்தம்!

கறுப்பு, சிவப்புத் திராட்சையின் நிறம் தோலில் உருவாகும் ஆந்தோசயனின் என்ற நிறமி. நிறம் ஏறுகிற நாட்களில் பகல் வெயில் 35 டிகிரியைத் தொட்டுக்கொண்டு நின்று, ராத்திரியும் சூடு இறங்காமல் இருந்தால் அந்த நிறமி சரியாக உருவாகாது. பழம் இனித்திருக்கும், ஆனால் மங்கலாக, பாதி சிவந்து நிற்கும். ஃப்ளேம் சீட்லஸ், கிரிம்சன் சீட்லஸ் போன்ற சிவப்பு ரகங்கள் சூடான ஊர்களில் இப்படித்தான் மானத்தை வாங்குகின்றன. சித்திரையில் கோவை வெயில் 35-ஐத் தாண்டுவது உங்களுக்குத் தெரியாததா? ஜப்பானில்கூட, கோடைகள் சூடேறச் சூடேற, கியோஹோ என்ற அவர்களுடைய பிரபலக் கறுப்புத் திராட்சை நிறம் ஏறாமல் தவிக்கிறது. நிறமே தேவையில்லாத பச்சை ரகங்களுக்கு அங்கே மவுசு கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் பச்சை ரகங்களில் ஒன்றுதான் ஷைன் மஸ்கட். 2006-ல் ஜப்பானில் பதிவானது. யாராவது அந்தப் பெயரைச் சொல்லி "வெதையே இருக்காதுங்க" என்று கன்று நீட்டினால் பணத்தை எடுக்காதீர்கள். அந்தக் கொடி இயல்பில் விதையுள்ள பழம்தான் காய்க்கும். பூவெடுக்கும்போது ஊக்கி மருந்தில் முக்கி விதையில்லாமல் ஆக்குகிறார்கள். அந்த வேலையைச் செய்யாமல் விட்டால் கொட்டையோடுதான் பழம் வரும். இதை மறைத்து விற்பவர் வேறு எதையெல்லாம் மறைப்பார்!

நிறம் வராதபோது நம்மவர்கள் செய்யும் இன்னொரு காரியம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எத்ரல் மருந்து அடித்துக் கறுக்க வைப்பது. தோல் கறுக்கும், உள்ளே புளிக்கும். மா, வாழை மாதிரி பறித்தபிறகு பழுக்கிற பழம் இல்லை திராட்சை. கொடியில் ஏறிய இனிப்பு எவ்வளவோ அவ்வளவுதான். பன்னீருக்குப் பிரிக்ஸ் என்ற இனிப்பு அளவு 18-ஐ ஒட்டி வந்தபிறகு வெட்டுங்கள். பிரிக்ஸ் மீட்டர் ஒன்றும் எட்டாத விலை இல்லை. ஒருமுறை புளிப்புப் பழம் வாங்கிய வியாபாரி அடுத்த வெட்டுக்கு உங்கள் தோட்டத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

இனி அபாய அறிகுறிகள். கன்று வாங்கும் முன் பார்க்க வேண்டியவை முதலில்.

தாய்த்தோட்டத்தைக் காட்ட மறுக்கிறார்களா? விலகுங்கள். காட்டுகிறார்கள், ஆனால் அது 800 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதா? அதுவும் போதாது. உங்கள் மழை பெய்கிற இடத்தில், கோவை மாவட்டத்திலோ தேனியிலோ, அதே ரகம் குறைந்தது மூன்று வருஷம் காய்த்த பந்தலைக் கண்ணால் பாருங்கள். அறுவடை நேரத்தில் போகாதீர்கள், அப்போது எல்லாத் தோட்டமும் அழகு. ஐப்பசி, கார்த்திகை மழையில் போங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள்.

"ஏக்கருக்கு இத்தனை டன்" என்று ஒரே ஒரு எண் சொல்கிறாரா? எந்த வருஷத்து எண் என்று கேளுங்கள். இளங்கொடி ஒரு வெட்டில் அள்ளிக் கொடுத்துவிட்டு அடுத்ததில் கைவிரிக்கும். மழைக்கால வெட்டையும் கோடை வெட்டையும் சேர்த்துச் சில வருஷச் சராசரி வேண்டும். அந்தச் சராசரி அவரிடம் இல்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

"ஒட்டுக்கன்றுங்க" என்றதும் மயங்காதீர்கள். எந்த வேர்ச்செடியில் ஒட்டியது? டாக்ரிட்ஜ் உப்புத்தண்ணீரையும் வறட்சியையும் தாங்கும், நல்லதுதான். ஆனால் அது கொடியைக் கண்மண் தெரியாமல் வளர்க்கும் வேர். ஆழமான வளமான மண்ணும் நல்ல தண்ணீரும் இருக்கிற தோட்டத்தில் டாக்ரிட்ஜ் மேல் தாம்சன் வைத்தால் இலைக்காடு. 110 ஆர் போன்ற வேர்கள் அத்தனை வேகம் கொடுப்பதில்லை. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்காமல் வேர்ச்செடியை முடிவு செய்யவே கூடாது. ஒட்டே இல்லாத வெறும் குச்சியாக இருந்தால் வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். நூற்புழுவை நீங்களே காசு கொடுத்து வீட்டுக்கு அழைத்துவராதீர்கள்.

ரசீது தர மாட்டேன் என்கிறாரா? அந்த நிமிஷமே எழுந்துவிடுங்கள். 2001-ம் வருஷத்துப் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தில் பதிவான ரகத்தின் கன்றை உங்களுக்கு விற்றால், அந்த ரகத்தை உருவாக்கியவர் எந்தச் சூழலில் எவ்வளவு விளையும் என்பதைச் சொல்ல வேண்டும். சொன்னபடி விளையவில்லை என்றால் 39-ம் பிரிவில் நீங்கள் இழப்பீடு கேட்கலாம். பதிவாகாத ரகத்தை, ரசீது இல்லாமல், வாய்ப்பேச்சில் வாங்கினால் எந்த வாசலிலும் போய் நிற்க முடியாது. மலையடிவாரத்து அந்தக் குடும்பத்திடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஏற்கெனவே நட்டுவிட்டீர்களா? பந்தலுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். குச்சி கட்டைவிரல் தடிமனுக்கு ஓடி, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, கணுவில் சுருள் கம்பி மட்டும் நீட்டினால், அது செழிப்பு அல்ல. மலட்டுத்தனம்! தழைச்சத்தை நிறுத்துங்கள். தண்ணீரைக் குறையுங்கள். நுனியைக் கிள்ளுங்கள். பந்தலின் அடியில் வெயில் புள்ளி புள்ளியாக விழ வேண்டும். இருட்டாக இருந்தால் துளிர்களைக் கழித்து வெளிச்சம் விடுங்கள்.

இலை மேல் எண்ணெய் சொட்டியது போல மஞ்சள் திட்டு, அதன் அடியில் வெள்ளைப் பஞ்சு: அடிச்சாம்பல். இதைப் பார்த்தபிறகு நாளைக்கு என்று சொல்லாதீர்கள். மழைக்கு முன்னாலேயே 1 சதவீத போர்டோ கலவை அடித்திருக்க வேண்டும். மழைக்குப் பிறகு ஓடுவது பாதிதான் பலிக்கும். குச்சியிலும் பிஞ்சிலும் நடுவில் வெளிறி ஓரம் கருத்த குழிப்புள்ளி வந்தால் அது பறவைக்கண் நோய். மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும் நம் அடிவாரத்தில் அது ஒரு வாரத்தில் பந்தலையே தின்னும்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். இது உயிர் விஷயம்.

கவாத்து முடிந்ததும் கண்கள் ஒன்றாக உடைய ஹைட்ரஜன் சயனமைடு தடவுகிறோம். தோலில் பட்டால் வெந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று பலருக்கும் தெரிவதில்லை. அதைக் கையாண்டவர் மது குடித்தால், உடம்பு அந்த மதுவை உடைக்க முடியாமல் திணறும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் சரியும். ஒரு கிளாஸ் போதும்! இதற்கென்று தனி முறிவு மருந்து இல்லை. பகலெல்லாம் மருந்து தடவிவிட்டுச் சாயங்காலம் கூலி வாங்கியதும் கடைக்குப் போகிற பழக்கம் எங்கும் உண்டு. தடவுவதற்கு முந்தின நாளிலிருந்தே குடிக்கக் கூடாது. தடவியபிறகும் குறைந்தது ஒரு வாரம் தொடவே கூடாது. வெட்கப்படாமல் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கையுறை, முழுக்கை சட்டை இல்லாமல் யாரையும் அந்த வாளியைத் தொட விடாதீர்கள். யாருக்காவது முகம் சிவந்து மூச்சு வாங்கினால், மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

குச்சி காய்க்க வைக்க வளர்ச்சியை அடக்கும் மருந்து இருக்கிறதே என்று யாராவது குளோர்மெக்வாட்டை எடுத்துக் கொடுப்பார்கள். 2010-ல் இந்தியத் திராட்சை ஐரோப்பாவில் தடுத்து நிறுத்தப்பட்டது அந்த மருந்தின் எச்சத்தால்தான். நாசிக்கின் பெரிய ஏற்றுமதிக்காரர்களே அதில் ஆடிப்போனார்கள்.

மாடித்தோட்டத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்காட்சியில் வாங்கிவந்த "சீட்லஸ்" கன்று வடவள்ளி மாடியில் நாலு வருஷமாக இலை மட்டும் விடுகிறது என்றால் காரணம் மேலே சொன்னதேதான். குச்சியைக் குட்டையாக வெட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு வருஷம் பாருங்கள். இல்லையென்றால் ஒரு பன்னீர்க் குச்சி ஊன்றுங்கள்.

சரி, ரகம் மாற்றவே கூடாதா? மாற்றலாம். பந்தலைப் பிரிக்காமல் மாற்றுங்கள். ஓரத்தில் ஒரு வரிசை, பத்து, இருபது கொடி. அதில் இரண்டு, மூன்று ரகம். பக்கத்திலேயே உங்கள் பன்னீர் நிற்கட்டும், அதே மருந்து, அதே தண்ணீர். கோடை வெட்டிலும் மழை வெட்டிலும் ஒவ்வொரு கொடிக்கும் கொத்தை எண்ணி நோட்டில் எழுதுங்கள், எடையும் பிரிக்ஸும் சேர்த்து. மூன்று வருஷம் பொறுங்கள். அந்த நோட்டு சொல்வதை எந்தக் கன்று வியாபாரியாலும் மறுக்க முடியாது.

ஒவ்வொரு கவாத்துக்கும் முன்னால் ஒரு சோதனையும் செய்யலாம். மகாராஷ்டிரத்தில் அக்டோபர் கவாத்துக்கு முன் கண்களை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து, எத்தனையாவது கண்ணில் கொத்து இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் கத்தரி எடுக்கிறார்கள். அந்த வசதி இல்லாவிட்டால், பந்தலின் பல பக்கமும் இருந்து முதிர்ந்த குச்சிகளை எடுத்து, ஒரு கண் ஒரு துண்டாக நறுக்கி, எத்தனையாவது கண் என்று குறித்துத் தண்ணீரில் நிற்க வையுங்கள். துளிர்க்கும்போது எந்தக் கண்ணில் கொத்து எட்டிப்பார்க்கிறது என்று தெரிந்துவிடும். துளிர்க்க ஓரிரு வாரத்துக்கு மேல் ஆகும், அதனால் கவாத்துக்குத் தேதி குறிக்கும் முன்பே ஆரம்பியுங்கள்.

கோவையிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பழவியல் துறை இருக்கிறது. தேனி ஆனைமலையன்பட்டியில் திராட்சைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு மருதமலை ரோட்டில் பஸ் ஏறினால் அரை நாள் வேலை. போகும்போது மண் பரிசோதனை அட்டையையும், தண்ணீர் ஒரு பாட்டிலும், கன்று வியாபாரி கொடுத்த நோட்டீஸையும் எடுத்துப் போங்கள். "இந்த ரகம், எங்கூட்டுத் தோட்டத்துல, ரெண்டு மழைக்கும் நடுவுல காய்க்குமுங்களா?" என்று நேராகக் கேளுங்கள். பதில் கைக்கு வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.